செத்தவர்களையும் சேர்த்து எண்ணிய தெரு

அந்தப் பதினைந்து நாளும் நான் ஒரு இடத்தில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. சோறுகூட நின்றுகொண்டேதான் சாப்பிட்டேன். "குந்தித் துன்னேன்யா, யாரு உன்னத் தொரத்திகினு வராங்க" என்பாள் என் சம்சாரம். யாரும் துரத்தவில்லை. கார்ப்பரேஷன் ஆபீஸ் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். அதில் எங்கள் தெருவுக்கு நடுவே சிவப்பு மையால் ஒரு கோடு போயிருந்தது. அந்தக் கோடு விழுந்ததற்குக் காரணம் நான்தான் என்பது அப்போது எனக்கு மட்டும் தெரியும்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. அரிசிக்கு ரேஷன் இன்னும் இருந்தது. நான் ஹார்பரில் கப்பலிலிருந்து கரி இறக்கும் வேலை பார்த்தேன். ஒரு நாள் கூடை சரிந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தேன். அப்போதுதான் கார்ப்பரேஷனிலிருந்து ஒரு கிளார்க் வந்தார். இப்போது வார்டு என்கிறார்கள், அப்போது டிவிஷன். இனிமேல் வரி கட்டுகிறவன் மட்டும் இல்லை, இருபத்தொரு வயசு ஆன எல்லாரும் ஓட்டுப் போடலாம் என்று ஆகிவிட்டதால், டிவிஷன் எல்லைகளைப் புதிதாக வரைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு டிவிஷனிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஓட்டு இருக்க வேண்டும். அதற்குத்தான் வீடு வீடாக எண்ண வந்தார்.

கல்மண்டபத்திலிருந்து கடலைப் பார்த்து நடந்தால் எங்கள் தெரு. தெரு என்று பெயர். கிழக்கு வரிசை, மேற்கு வரிசை என்று இரண்டு வரிசை வெளியே தெரியும். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் ஒரு வீடு, அதற்குப் பின்னால் வலை போட்டுவைக்கும் கொட்டகை, அந்தக் கொட்டகையிலும் ஒரு குடும்பம். வெளி ஆள் நுழைந்தால் எண்ணிய வீட்டையே திரும்ப எண்ணிக்கொண்டு நிற்பான். அந்தக் கிளார்க்கும் அப்படித்தான் முதல் நாள் நின்றார். ஒல்லியான மனிதர். கையில் குடை, செருப்பு நிறைய மணல். காப்பிங் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவதால் உதடெல்லாம் ஊதா நிறம்.

"ஏம்ப்பா, கட்டுப் போட்டுண்டு சும்மாதானே இருக்க. என்கூட வந்து வீட்டைக் காமிக்கிறியா?"

வேலை இல்லாதவனுக்கு அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. மறுநாளிலிருந்து நான் முன்னால், அவர் பின்னால்.

மூன்று வீடு முடிவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. ஒவ்வொரு வீட்டிலும் பேர் என்ன, வயசு என்ன என்று கேட்டு முடிப்பதற்குள் அந்த வீட்டுச் சண்டை முழுவதையும் கேட்க வேண்டியிருந்தது. வெயில் ஏறிக்கொண்டே போனது. அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இத்தனை வருஷம் கழித்தும் யோசிக்கிறேன்.

"சார், இன்னாத்துக்கு இவ்ளோ ரோதனை. ரேஷன் கார்ட வாங்கிப் பாத்து எழுதிக்கோ. பேரு, வயசு எல்லாம் அதுல கீது."

கிளார்க்குக்குச் சந்தோஷம். அன்றிலிருந்து எந்த வாசலில் நின்றாலும் நானே குரல் கொடுத்தேன், கார்டை எடுத்துகினு வாங்க என்று.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் செத்தால் மாதா கோயிலில் மணி அடிக்கும், பூசை நடக்கும், காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம் நடக்கும், எல்லாம் முறைப்படி நடக்கும். ரேஷன் கார்டில் மட்டும் அவர் பெயரை யாரும் அடிக்கப் போக மாட்டார்கள். மூட்டை தூக்குகிறவனுக்கும் கட்டுமரம் தள்ளுகிறவனுக்கும் தலைக்கு இத்தனை அவுன்ஸ் என்று தரும் அரிசி ஒரு வேளைக்குக் காணாது. அதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. அந்த அரிசிக்குச் செத்தவரின் பெயரையே சொல்வோம். என் நைனா, கார்டு வந்த வருஷம் உயிரோடு இருந்தார். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் என் அம்மா, "இது ஒங்க நைனா அரிசி, நல்லா துன்னு" என்று ஒரு கரண்டி கூடப் போடுவாள்.

கார்டைக் கேட்டதும் தெரு முழுக்க ஒரே நினைப்புத்தான் ஓடியது. தலைக் கணக்குச் சரிபார்க்க ரேஷன் ஆபீஸிலிருந்து ஆள் வந்துவிட்டான். அவ்வளவுதான், செத்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தர் கப்பலுக்குப் போயிருந்தார். ஒருத்தர் எண்ணூரில் உப்பு அள்ளப் போயிருந்தார். காட்டுப்பள்ளிக்கு வலை வாங்கப் போனவர் மட்டும் நாலு பேர். ஒரு அம்மா தன் புருஷன் உள்ளே தூங்குவதாகச் சொன்னாள். கிளார்க் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாவம், எழுப்ப வேண்டாம்" என்று எழுதிக்கொண்டார். அந்த ஆளைத் தூக்கிப்போன நாலு பேரில் நானும் ஒருவன்.

எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தோம். அம்மா என் முகத்தைப் பார்க்காமல், "அவரு வேலைக்குப் போய்கீறாரு" என்றாள். நான் கிளார்க்கின் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தப் படத்தை ஒட்டினார்கள். எனக்கு அப்போது எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. பக்கத்துத் தெருவில் மளிகை மண்டி வைத்திருந்த தெற்கத்தி அண்ணாச்சிதான் படித்துச் சொன்னார்.

"ஒங்க டிவிஷன்ல ஓட்டு கூடிப்போச்சாம்லா. எங்கதுல கொறைவாம். அதனால ஒங்க தெருவ ரெண்டாப் பிளந்து மேற்கு வரிசைய எங்களோட சேத்திருக்கான். இனி நீங்க நம்ம ஆளுதாம்வே. ஆட்சேபணை இருந்தா பதினஞ்சு நாளைக்குள்ள சொல்லணுமாம்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். ஹார்பர் கட்டியதிலிருந்து கடல் எங்கள் கரையைத் தின்றுகொண்டே இருந்தது. அதைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டியிருந்தார்கள். எங்கள் தெருப் பெண்களுக்கு ஒதுங்க அந்தக் கல்லை விட்டால் வேறு இடம் இல்லை. விடிவதற்கு முன்னால் போய் வந்துவிட வேண்டும். கல் முழுக்கப் பாசி. அதற்கு முந்தைய வருஷம் முதல் தடவை உண்டாகியிருந்தபோது என் சம்சாரம் அங்கேதான் வழுக்கி விழுந்தாள். அது தங்கவில்லை. இப்போது மறுபடி ஐந்தாம் மாதம். தெருக்கோடியில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் கட்டித் தருவதாக எங்கள் டிவிஷன் கவுன்சிலர் ஒத்துக்கொண்டு இடமும் பார்த்திருந்தார். சிவப்புக் கோடு சரியாக அந்த இடத்தின் மேலேயே போயிருந்தது.

இரண்டு டிவிஷனுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். மண்டிக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது. வடக்கிலிருந்து பெருக்கி வருகிறவர் விளக்குக் கம்பம் வரை வந்து திரும்பிவிடுவார். தெற்கிலிருந்து வருகிறவர் குழாயடி வரை வந்து திரும்பிவிடுவார். கம்பத்துக்கும் குழாயடிக்கும் நடுவில் இருந்த நாலு முழம் நான் பிறந்ததிலிருந்து பெருக்கப்பட்டதில்லை.

கிளார்க்கைத் தேடிப் போனேன்.

"நான் என்னப்பா பண்றது? உங்க தெருவுல பெரியவா ஏகப்பட்ட பேர். குழந்தைகள் கம்மி, பெரியவா ஜாஸ்தி. நானே ஆச்சரியப்பட்டேன்."

குழந்தைகள் கம்மி என்று அவர் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. செத்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள். எல்லாருக்கும் ஓட்டு உண்டு.

அன்றைக்கு வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் திருவொற்றியூர் ரோடு வழியாகக் காலடிப்பேட்டை வரை நடந்தேன். அங்கே என் மாமியார் வீடு. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, எதற்கு வந்தேன் என்று சொல்லாமலேயே திரும்பி நடந்தேன். மறுநாளும் அப்படியே போனேன். மாமியார், "பொண்ணுக்கு ஒடம்புக்கு இன்னா, மெய்யாலும் சொல்லு" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் அந்தப் பக்கமும் போக முடியவில்லை.

ஆறாவது நாள் எங்கள் தெரு மேஸ்திரியிடம் சொன்னேன். ஹார்பரில் ஒரு கேங்குக்கு அவர்தான் தலைவர். தெருவுக்காகப் பேசுகிறவரும் அவர்தான்.

"மாமு, தெருவப் பொளந்தது கார்ப்பரேஷன் இல்ல. நம்ம பொணங்கதான்."

அவர் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். முழுவதையும் கேட்டார்.

"இத்த வேற யார்கிட்டனா சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. கார்டப் புடுங்கிட்டான்னா துன்றதுக்கு இன்னா பண்ணுவ? கிளார்க்கு தப்பா எழுதிட்டான்னு எழுதிக் குடுப்போம். அத்தோட வுடு."

கிளார்க் பெயரைச் சொன்னால் அவர் வேலை போகும். உள்ளே தூங்குகிற பிணத்தை எழுப்ப வேண்டாம் என்று சொன்ன மனிதர் அவர். மேஸ்திரியிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சம்சாரத்திடம் சொல்லிவிட்டேன். அவளிடம் சொன்னால் குழாயடியில் சொன்ன மாதிரி.

மறுநாள் குழாயடியில் குடம் எதுவும் நிரம்பவில்லை, பேச்சுதான். தூங்குகிற புருஷனைக் காட்டிய அம்மா சொன்னாள்: "எங்க வூட்டுக்காரு உசுரோட கீறப்பவும் எனக்கு ஒண்ணியும் பண்ணல. செத்தப்பறம் அரிசி குடுத்தாரு. அத்தையும் புடுங்கணுமா?"

"அரிசியத் துன்னுட்டு எங்க போவ? கல்லு மேலதான போவ" என்றாள் என் சம்சாரம்.

சிலர் சிரித்தார்கள். என் அம்மா சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தேன்.

"ஒங்க நைனாவ ரெண்டாந் தபா நீ பொதைக்கப் போறியா?"

நேராகக் கோயிலுக்குப் போனேன். மணி அடிப்பதும் அடக்கப் புத்தகம் எழுதுவதும் கோயில்பிள்ளையின் வேலை. நைனா அடக்கமான நாளை எழுதிச் சாமியார் கையெழுத்தோடு ஒரு சீட்டு வேண்டும் என்றேன்.

"இத்தினி வருசம் கழிச்சி இன்னாத்துக்குடா? சொத்து கித்து கெடச்சுதா?"

விஷயத்தைச் சொன்னேன், செத்தவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்தால்தான் கோடு நம் தெருவை விட்டு நகரும் என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புத்தகத்தைப் புரட்டினார். மறுபடி துடைத்தார். "என் பொண்டாட்டியும் எங்க கார்டுல கீறா" என்று சொல்லிவிட்டு, முதல் சீட்டைத் தனக்கே எழுதிக்கொண்டார். இரண்டாவது சீட்டு எனக்கு.

அடுத்த மூன்று நாளில் ஒருவர் பின் ஒருவராகக் கோயில் பின்கதவுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் வந்தானா என்று கேட்டுக்கொண்டுதான் ஒவ்வொருவரும் வந்தார்கள். மேஸ்திரி கடைசியில் வந்தார். அவர் வீட்டில் மட்டும் மூன்று சீட்டு.

ஆட்சேபணை விசாரணை அன்று கார்ப்பரேஷன் ஆபீஸில் நாற்காலியில் ஒரு ஆபீஸர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எங்கள் கிளார்க், பென்சிலோடு. மேஸ்திரிக்கு அன்றைக்கென்று தொண்டை கட்டிவிட்டது. நான்தான் சீட்டுக் கட்டை மேஜைமேல் வைத்தேன். ஆபீஸர் ஒவ்வொன்றாகப் படித்தார். பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். என் நைனா சீட்டில் நின்றார்.

"இவர் செத்து ஆறு வருஷம் ஆகுது. பட்டியல்ல வேலைக்குப் போயிருக்கார்னு குறிப்பு இருக்கு. யார் சொன்னது?"

கிளார்க் பென்சிலை நாக்கில் தொட்டபடியே இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. அம்மா வந்திருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

"நான்தான் சாமி சொன்னேன். வூட்டு ஆம்பள எங்கன்னு கேட்டாரு. செத்துப்பூட்டாருன்னு என் வாயால எப்டி சொல்றது." பிறகு சொன்னாள், "அரிசியும் பத்தல."

ஆபீஸர் பேனாவை மூடினார். "ரெண்டாவது சொன்னதை நான் எழுதலம்மா."

அவர் எழுதவில்லைதான். கோட்டை எங்கள் தெருவிலிருந்து எடுத்துப் பின்னால் ரயில்வே காம்பவுண்டு சுவரோரம் போட்டார்கள். தெரு முழுசாக ஒரே டிவிஷனில் நின்றது. ஆனால் பட்டியலில் அடிக்கப்பட்ட பெயர்கள் மேஜைக்கு மேஜை நகர்ந்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் ரேஷன் ஆபீஸிலிருந்து நிஜமாகவே ஆள் வந்தான். யாரையும் திட்டவில்லை. கார்டுகளை வாங்கி, பெயர்களை அடித்து, திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அம்மா கரண்டியைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அப்புறம் ரேஷன் கண்ட்ரோலே எடுபட்டுவிட்டது. காசு இருந்தால் எவ்வளவு அரிசியும் வாங்கலாம் என்று ஆனது. அது அப்போது எங்களுக்குத் தெரியாதே.

என் சம்சாரத்தைப் பிரசவம் வரை காலடிப்பேட்டையில் விட்டுவைத்தேன். பெண் பிறந்தது. அது தவழ ஆரம்பித்த பிறகுதான் கக்கூஸ் கட்டி முடித்தார்கள். ஆறு அறை, தகரக் கதவு. திறந்த அன்று வெயில் நன்றாக ஏறிய பிறகு என் சம்சாரம் சொம்போடு சாவகாசமாகப் போய்விட்டுச் சாவகாசமாகத் திரும்பி வந்தாள்.

"இன்னாய்யா, மொறச்சிகினு நிக்கிற?" என்றாள்.

அம்மா மட்டும் அதற்குள் போகவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். "அது ஒங்க நைனா அரிசில கட்னது. அதுல போய் நான் குந்த மாட்டேன்" என்று ஒரே பேச்சு. சாகும் வரைக்கும் கல்லுக்குத்தான் போனாள். வயசு ஏற ஏறக் கால் தடுமாறியது. விடியற்காலையில் அவள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் நானும் எழுந்துவிடுவேன். அவளுக்குத் தெரியாமல் பின்னால் போய், ரோட்டோரம் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். கல்மேல் கால் வைக்கும் சத்தத்தைக் காதால் எண்ணிக்கொண்டு, அவள் திரும்பி மணலில் இறங்கும் வரை, இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருப்பேன்.