பஞ்சக்கா இடித்த சுவர்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை. தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டிக்கொண்டே திரிந்ததால் பஞ்சக்கா ஆகிவிட்டாள். "இந்த வயசுலயே கிழவி ஆயிட்டேன்டி" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பஞ்சு வேலை வருவதற்குமுன் அந்த ஊர்ப் பெண்களுக்கு நகரத்துக் கட்டட வேலைதான் பிழைப்பு. கருக்கலில் லாரி ஏறி, நின்றபடியே போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு வந்து இறங்குவார்கள். சிறுதொழில் உதவித் திட்டத்தின் அதிகாரி ஒருவர் வந்தார். துணிக்கழிவை அரைத்துப் பஞ்சாக்கும் மிஷின் தருவதாகவும், உள்ளூர் ஆட்களுக்கே வேலை தரவேண்டும் என்றும் சொன்னார். முன்னால் போய் நின்றவள் பஞ்சக்கா மட்டும்தான். பழைய உரக் கிடங்கு ஒன்று கிடைத்தது. ஒரே கதவு, ஒரு சின்ன ஜன்னல். மிஷின் வாயில் துணியைத் தள்ள அவள் தங்கச்சி. தலையணை அடைக்கவும் தைக்கவும் மற்றவர்கள் என்று பத்துப் பேர்.

ஓடத் தொடங்கிய அன்றே எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குத் தூசி.

"சார், இதை இழுத்து வெளியில தள்ள ஒரு மிஷின் வேணுமே."

"திட்டத்துல அது இல்லம்மா. அடுத்த கட்டத்துல பாக்கலாம்" என்றார் அதிகாரி.

அடுத்த கட்டம் வருவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. பெண்கள் முகத்தில் துணி கட்டிப் பார்த்தார்கள். வெக்கையில் மூச்சு முட்டவும் கழற்றிப் போட்டார்கள்.

தங்கச்சிக்கு முதலில் வறட்டு இருமல். பிறகு நாலு படி ஏறினாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "என்ன வேலை செய்யறீங்க?" என்று கேட்டார். பஞ்சக்காதான் பதில் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. மழைக்காலம் முடியுமுன் தங்கச்சி போய்ச் சேர்ந்தாள்.

பஞ்சக்கா கிடங்கைப் பூட்டினாள். பொறுத்துப் பார்த்த பெண்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நெட்டச்சி என்று எல்லாரும் கூப்பிடும் தையல்காரிதான் பேசினாள்.

"எத்தனை நாளைக்குக்கா பூட்டியே வைப்ப?"

"என் தங்கச்சியைத் தின்ன மிஷின்டி அது. உங்களையும் குடுக்கச் சொல்றியா?"

"இருமிச் சாகறது எப்பவோ. அடுப்பு இன்னிக்கு எரியணும்ல?"

மறுநாள் பஞ்சக்கா கடப்பாரையோடு போய்க் கிடங்கின் பின்சுவரை இடித்துத் தள்ளினாள். தூசி வெளியே போனது. ஆனால் சாரல் உள்ளே வந்தது. ஈரம் பட்ட தலையணைகளை வியாபாரி திருப்பி அனுப்பினார். பத்துப் பேருக்கு இருந்த வேலை ஐந்து பேருக்குச் சுருங்கியது.

இருமல் தொடங்கியிருந்தவர்களைத்தான் அவள் முதலில் நிறுத்தினாள். நெட்டச்சியும் அதில் ஒருத்தி. "உன் மனசு ஆறணும்னு என் வயித்துல அடிக்கிறியா?" என்று வாசலில் நின்று ஏசிவிட்டுப் போனவள், அந்த வருஷமே குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது மிஷின் வாயில் பஞ்சக்காவைத் தவிர வேறு யாரும் நிற்கக் கூடாது. அது அவள் போட்ட சட்டம். கொஞ்ச நாளாக அவளுக்கும் இருமுகிறது. தங்கச்சி புருஷன் மனசு கேட்காமல், "டாக்டரை ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்கக்கா" என்றான்.

"அவர் என்ன சொல்வாருன்னு எனக்குத் தெரியாதா? அதுக்குப் போய் ஒரு நாள் வேலையைக் கெடுக்கணுமா?" என்றபடி துணிமூட்டையை அவிழ்த்தாள்.