தவமலர் அக்காவும் வாசற்கல்லும்

பாரிசின் புறநகரான கூசேன்வில்லிலிருந்து தவமலர் அக்காவின் மகள் அழைத்தபோது நான் லா சப்பல் மெட்ரோ நிலையப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். "அங்கிள், அம்மா போயிட்டா" என்பதை மட்டும் தமிழில் சொன்னாள். மீதி பிரெஞ்சும் அழுகையுமாக வந்தது. அன்று முழுவதும் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

எங்கள் தமிழர் உதவிச் சங்கத்தாருக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2009இல் வன்னியில் போரோடு எல்லாம் முடிந்தபின் வந்தவர். விமான நிலையத்தில் துப்புரவு வேலை. கூட்டத்துக்கு வந்தாலும் உட்காரமாட்டார். யன்னலைத் துடைப்பார், கதிரையை நகர்த்துவார்.

ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் சங்கத்துக்கென ஒரு பழைய கட்டடத்தை வாடகைக்கு எடுத்தோம். வாசலுக்கு மேலே கரிபிடித்த கல்லில் ஆங்கிலத்தில் ஏதோ செதுக்கியிருந்தது. அதைக் கொத்திவிட்டு எங்கள் பெயர்ப்பலகையை மாட்டலாம் என்று முடிவெடுத்தவன், செயலாளரான நான்தான். உளியோடு ஏறியபோது அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"இறங்கு தம்பி. அது ஆரின்ரையோ பேர்."

"பழைய கல்லக்கா. ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

"வன்னியிலை என்ரை பிள்ளையின்ரை பேர் இருந்த கல்லறைக் கல்லையும் ஆமிக்காரர் அப்பிடி நினைச்சுத்தான் இடிச்சவங்கள்."

இறங்கினேன். கோபத்தோடுதான் இறங்கினேன்.

அதன்பின் அவர் ஓயவில்லை. கல்லைக் கழுவி, எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொண்டு, தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லோடு நூலகம் நூலகமாக அலைந்தார். கடைசியில் ஆவணக் காப்பகத்தில் ஒருவர் விடயத்தைச் சொன்னார். முதல் உலகப்போருக்குப் பின் நிறவெறி காரணமாக ஊர் திரும்பாமல் பாரிசில் தங்கிய கறுப்பு அமெரிக்கர்கள் சிலர், ஒரு சகோதரச் சங்கம் அமைத்துக் கட்டிய மண்டபம் அது. நோயில் விழுந்தவரைப் பார்ப்பதும் இறந்தவரை அடக்கம் செய்வதும் அச்சங்கத்தின் வேலை. கல்லில் இருந்தவை அவர்களுடைய பெயர்கள்.

அடுத்த கூட்டத்தில் அக்கா எழுந்தார். "அவையும் ஊருக்குப் போகேலாத சனந்தான். செத்தால் தூக்க ஆள் வேணுமெண்டு கட்டியிருக்கினம். நாங்கள் வேற என்னத்துக்கு இஞ்சை கூடுறம்?"

பலகையைப் பக்கச் சுவரில் மாட்டினோம்.

சில ஆண்டுகளில் உரிமையாளர் கட்டடத்தை விற்றுவிட, நாங்கள் புறநகர் ஓல்னே-சூ-புவாவுக்கு மாறினோம். வாங்கியவர்கள் முகப்பை இடித்துவிடுவார்களோ என்ற பயம் அக்காவை விடவில்லை. அவருக்கு வந்த நோய் முற்றியபிறகும் ரயிலேறிப் போய், கல்லைக் காக்கும்படி நகரசபையில் மனுக் கொடுத்தார்.

"இந்த உடம்போட ஏனக்கா?" என்று கேட்டேன்.

"படுத்திருந்தாலும் அதுதானே மண்டைக்குள்ளை ஓடுது."

அவர் இறந்த அடுத்த வாரம் நகரசபையின் பதில் சங்கத்துக்கு வந்தது. கட்டடத்தைத் திருத்தலாம், கல்லை அகற்றக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். மகளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஓயாமையைத்தான். எந்தச் சுவரிலும் ஆணி அடிக்குமுன், அங்கே யாருடைய பெயராவது இருக்கிறதா என்று என் கை இப்போது தடவிப் பார்க்கிறது.