முன்னால் நின்ற பிள்ளை

பேய் என்றால் ராத்திரி வேண்டும், புளியமரம் வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பாமலே போகட்டும். ஆனால் நடந்தது. பட்டப்பகலில், சிமெண்டு வாசம்கூடப் போகாத ஒரு புது மாதா கோயிலுக்குள் நடந்தது. ஞானப்பூ தன் பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொன்னாள். பெற்ற பிள்ளையின் தலையில் கைவைத்து யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

1964ஆம் வருடம். ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பழைய ஓட்டுக் கோயிலை இடித்துவிட்டுப் புதுக்கோயில் எழும்பியது. மதுரை இன்ஜினியர் போட்ட படம். கோபுரம் கிடையாது. கூரை, விசிறி மடிப்பு மாதிரி காங்கிரீட்டில் மடிந்து மடிந்து ஏறும். பக்கச் சுவர் முழுக்கச் சிமெண்டு ஜாலி. வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழும். "இது கோயிலா, கடலைக் கிட்டங்கியா?" என்று மேலத்தெருக்காரர்கள் சிரித்தார்கள். பங்குச் சாமியார் அசையவில்லை. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டும். அவருக்கு அது ஒன்றுதான்.

ஞானப்பூ நத்தம் பக்கத்திலிருந்து கீழத்தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். புருஷன் இல்லை. சித்தாள் வேலை பார்த்து மகள் மதலேனை வளர்த்தாள். கோயிலை மந்திரித்துத் திறக்கிற ஞாயிற்றுக்கிழமை மதலேனுக்குப் புதுநன்மை. முதல்முறையாக நற்கருணை வாங்கப் போகிறாள். அதுவும் மேலத்தெருப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில். கீழத்தெருப் பிள்ளை எதற்கும் அதுவரை அது வாய்த்ததில்லை. அந்த ஒரு நாளை நினைத்துத்தான் ஞானப்பூ முதுகு நிமிராமல் மொசைக் தரையைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை. தரையைத் தேய்த்தால் பால் மாதிரி சேறு வரும். அதை வாரியலால் தள்ளினாள். தண்ணீர் கூடத்தின் நடுவே போய் நின்றது. நேர்கோட்டில், வரப்பில் முட்டியது போல.

கொத்தனார் பெரியகருப்பன் ரசமட்டம் வைத்துப் பார்த்தார்.

"மட்டம் சரியாத்தான் இருக்கு. நீ தள்ளுற லட்சணம் அப்பிடி."

"அப்ப நீங்க தள்ளுங்க கொத்தனாரே."

அவர் தள்ளினார். தண்ணீர் திரும்பி வந்து அவர் காலை நனைத்தது.

"கொத்தனாரக் கால் கழுவச் சொல்லுது!" என்று ஞானப்பூ சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை. சிட்டுக்குருவி ஒன்று ஜாலி வழியாக உள்ளே வந்தது. நேராகப் பறந்தது. நடுக்கூடத்தில்... தட். கழுத்து ஒடிந்து தரையில் கிடந்தது. அங்கே காற்றைத் தவிர ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை. உச்சி வெயில். மூவேளை ஜெப மணி அடித்து ஓய்ந்தது. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். தெற்கு மூலையில் கொஞ்சம் பாக்கி. ஞானப்பூ மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தாள். வடக்கு வாசலில் மதலேன் வந்து நின்றாள். கையில் கஞ்சித் தூக்கு.

"கொண்டா இங்கிட்டு."

மதலேன் நடந்து வந்தாள். நடுக்கூடத்தில் நின்றாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"என்னடி ஊமை விளையாட்டு?"

மறுபடியும் வாய் அசைந்தது. வெறும் உதடு.

ஞானப்பூ எழுந்து போனாள். கையை நீட்டினாள்...

சுவர்.

கண்ணுக்குச் சுவர் இல்லை. கைக்கு இருந்தது. சொரசொரப்பாக, மழையில் ஊறிய மண்சுவர். கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்கச் சுண்ணாம்பு.

அந்தப் பக்கம் மதலேன் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் குனிந்தாள். வாயை அங்கே வைத்தாள்.

"அம்மா... இங்கன ஒரு ஓட்டை இருக்கு."

இப்போது கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல் போல.

"தூக்கைக் குடுத்துட்டு வெளிய ஓடு!"

தூக்கு வந்தது. வாங்கினாள். கொடுத்த விரல்கள் அவள் விரலில் பட்டன. சின்ன விரல்கள். சில்லென்று இருந்தன. நகத்தில் மண் நெருநெருத்தது.

நிமிர்ந்தாள்.

மதலேன் தள்ளிப் பின்னால் நின்றாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு...

ஞானப்பூ சாமியாரிடம் ஓடினாள். "வெறும் வயித்தோட வெயில்ல வேலை பாத்தா அப்படித்தான் இருக்கும். பிள்ளையை ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வா" என்றார் அவர். வராமல் இருந்தால்? கீழத்தெருப் பிள்ளை பயந்து ஓடிப்போச்சு என்பார்கள். அந்த வரிசை அதோடு போகும். கூட்டிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் நிறைந்திருந்தது. யாரும் சொல்லவில்லை, ஆனால் இரண்டு தெருவும் நடுவில் ஒரு முழம் விட்டே உட்கார்ந்திருந்தன. பழக்கம் விடவில்லை என்று சாமியார் நினைத்தார். புதுநன்மைப் பிள்ளைகள் மண்டியிடும் இடம் மேலத்தெருப் பக்கம். கூப்பிட்டதும் மதலேன் வெள்ளைச் சட்டையோடு எழுந்து போனாள். அந்த இடைவெளியில் நின்றாள். அதற்கு மேல் கால் எடுக்கவில்லை.

மற்றப் பிள்ளைகள் வாங்கி முடித்தார்கள்.

"அதது அததோட எடத்துல இருந்தா இந்த வம்பு வருமா?" என்று ஒரு குரல் கேட்டது.

சாமியாரே இறங்கி வந்தார். மதலேன் நின்ற இடத்திலேயே மண்டியிட்டாள். நாக்கை நீட்டினாள். சாமியார் நற்கருணையோடு குனிந்தார். அவர் கை பாதியில் நின்றது.

திரும்பி வந்தது.

விரலில் ஒன்றும் இல்லை.

தட்டில் பார்த்தார். இல்லை. நற்கருணை கீழே விழுந்தால் அந்த இடத்தைக் கழுவித் துடைக்க வேண்டும். மண்டியிட்டுத் தரையைத் தேடினார். இல்லை. மதலேனின் வாய் திறந்தபடியே இருந்தது. காலியாக.

இன்னொன்றை எடுத்தார். இந்தத் தடவை அது அவள் நாக்கில் பட்டது.

வெளியே வந்ததும் ஞானப்பூ மகளைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல ஏண்டி வாங்கல?"

"மொதல்ல எனக்குக் குடுக்கலம்மா. முன்னால நின்ன பிள்ளைக்குக் குடுத்தாரு."

கீழத்தெருவில் மூத்த கட்டை சந்தியாகு. பக்கத்தில் நின்று கேட்டவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எந்தப் பிள்ளை தாயி?"

"என் ஒசரந்தான் தாத்தா. தலையெல்லாம் மண்ணு."

சந்தியாகு கோயில் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்.

"நான் பொடியனா இருக்கையில அங்கன ஒரு குறுக்குச் சுவரு இருந்துச்சு. நம்ம தெருவுக்கு அதுல இருந்த சன்னல் வழியாத்தான் நன்மை குடுப்பாக. எங்க அக்கா புதுநன்மைக்கு அந்தச் சன்னல்ல நின்னுச்சு. அடைமழை. சுவரு சரிஞ்சிருச்சு. எல்லாரும் வெளிய வந்தாச்சுன்னு மேலத்தெருக்காரக சொல்லிட்டாக. மண்ண அள்ளவே இல்ல. அப்படியே மிதிச்சு நெரவித் தளம் போட்டுட்டாக. அக்கா பயந்துபோயி கண்டிச்சீமைக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போற கூட்டத்தோட ஓடிருச்சுன்னு சொன்னாக. எங்க ஆத்தா சாகுற வரைக்கும் கடுதாசிய எதிர்பாத்துக் கெடந்துச்சு."

அவர் கோயில் வாசலில் நின்ற பெரியகருப்பனைப் பார்த்தார்.

"கொத்தனாரே, அஸ்திவாரத்துக்கு வானந் தோண்டுனீகளே... நடுவுல ஏதாச்சும் தட்டுப்பட்டுச்சா?"

பெரியகருப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நடுவுல தோண்டவே இல்லையே பெரியவரே. தூணு கெடையாது. பாரம் பூரா பக்கச் சுவத்துல. பழைய தளத்து மேலயே மொசைக் போட்டுட்டோம்."