ஃபீபி அக்கா காது கொடுத்த நாள்

ஃபீபி அக்கா அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்பவள் என்று எங்கள் கம்பெனியில் சொல்லித் திரிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வாயில் மண் விழ. அன்றைக்கு அதே அறையில் எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் நான், கரோலின். ஏற்றுமதி பில் டைப் அடிக்கிற வேலை. எனக்கு வாய் ஜாஸ்தி என்று என் மாமியாரே சொல்லுவார். இருந்துவிட்டுப் போகட்டும். நடந்ததை வாய் உள்ளவள்தானே சொல்ல முடியும்?

ஆம்பூர் பைபாஸை ஒட்டி இருக்கிறது எங்கள் ஷூ கம்பெனி. ஃபீபி அக்கா அதில் டெலிபோன் ஆப்பரேட்டர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுகிற பழைய போர்டு இருந்த காலத்திலேயே வேலைக்கு வந்தவள். பிறகு பொத்தான் வைத்த புது போர்டு வந்தது. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் அக்காவின் காதுக்குத்தான் வரும். "வணக்கம், யார் வேணும்?" என்பாள். கேட்ட ஆளுக்கு லைனைக் கொடுத்த மறுநொடி ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிடுவாள். ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த லைனில் யார் பேசுவதையும் கேட்கலாம். அக்கா அதைத் தொட்டதே இல்லை.

சேம்பிள் ரூம் காதல் விவகாரம் ஒன்றில் கம்பெனியே நாறிக்கொண்டிருந்தபோது, "ஒரே ஒரு தடவ அமுக்குக்கா, எனக்கு மண்டையே வெடிச்சிடும் போலிருக்கு" என்று நானே கெஞ்சியிருக்கிறேன். "போடி. கேட்டுட்டா அப்புறம் அதுங்க மூஞ்சிய எப்டிப் பாக்கறது?" என்றுவிட்டாள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அக்காவுக்கென்று ஒரு போன் வந்து நான் பார்த்ததில்லை. கல்யாணம் ஆகவில்லை. கம்பெனிக்குப் பின்தெருவில் வயதான அப்பாவோடு இருந்தாள், அவருக்குக் காது மந்தம். "ஊருக்கெல்லாம் லைன் குடுக்கற, உனக்கு ஒரு ராங் நம்பர்கூட வரமாட்டேங்குதே" என்று சீண்டுவேன். சிரித்துக்கொண்டே அடுத்த லைனை எடுப்பாள்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் சம்பளக் கவர் நின்று ஏடிஎம் கார்டு வந்தது. ஆபீசர் கிருஷ்ணராஜ் சார் கம்பெனி கேட்டுக்குப் பக்கத்து ஏடிஎம் மெஷினில் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து, ரகசிய நம்பர் போட வைத்தார். தையல் பெண்களுக்கு எந்த நம்பரைப் போடுவது என்று ஒரே குழப்பம். "டோக்கன் நம்பரையே போட்டுத் தொலைங்க, மறக்காது" என்று ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னார் சார். கழுத்தில் தொங்குகிற அட்டையிலேயே அந்த நாலு எண்ணும் இருக்கிறதே! வரிசை சீக்கிரம் முடிந்ததில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. நானும் அதையே போட்டேன், அக்காவும் அதையே போட்டாள். ஒருத்தருக்கும் புத்தி வேலை செய்யவில்லை.

ஷூவின் மேல்தோல் தைக்கிற செக்‌ஷனில் தாயாரம்மாள் இருந்தாள். குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். புருஷன் பவர்லூமில் லுங்கி நெய்தவர், இதய வால்வு கெட்டுப்போய்ப் படுத்துவிட்டார். வேலூரில் திங்கட்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்திருந்தார்கள். சொந்தத் தறி இரண்டையும் விற்று, கம்பெனியில் லோனும் வாங்கி, எல்லாவற்றையும் அந்தக் கார்டு கணக்கில்தான் போட்டு வைத்திருந்தாள். வீட்டில் வைத்தால் மைத்துனன் கை வைப்பான், பேங்கில் இருந்தால் பத்திரம் என்று அவளுக்கு நம்பிக்கை.

அதற்கு முந்தின சனிக்கிழமை. ஷூ வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிறார் என்று கம்பெனியே தலைகீழாக நின்றது. "தையல் ஃப்ளோருக்கு ஒரு போனும் குடுக்கக் கூடாது" என்று கிருஷ்ணராஜ் சார் கத்திவிட்டுப் போயிருந்தார். செல்போனை எல்லாம் கேட்டிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஆக, அவசரம் என்றால் அக்காவின் போர்டு ஒன்றுதான் வழி.

காலையில் ஒரு போன் வந்தது. நல்ல படித்த குரலாம். பேங்கிலிருந்து பேசுகிறேன், தையல் செக்‌ஷன் தாயாரம்மாள் கணக்கில் ஒரு சிக்கல், உடனே பேச வேண்டும் என்றான். ஆபரேஷன் பணமாயிற்றே என்று அக்காவுக்குப் பதறியது. சார் போட்ட உத்தரவை மீறி லைனைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வழக்கம்போல ஹெட்ஃபோனை இறக்கிவிட்டாள்.

டீ நேரம் முடிந்ததும் அதே குரல் மறுபடியும் வந்தது. இந்தத் தடவை சுகரா பேகம் வேண்டுமாம். தாயாரம்மாளுக்குப் பக்கத்து மெஷின்காரி. அக்கா லைனைக் கொடுத்தாள். ஹெட்ஃபோனை இறக்கப் போன கை பாதியில் நின்றது.

"இன்னாக்கா?" என்றேன்.

"பேங்குக்கு இந்த ரெண்டு பேரு அடுத்தடுத்து ஒக்கார்றது எப்டிடி தெரியும்?"

என்னைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். "ஆண்டவரே, மன்னிச்சிடு" என்று முணுமுணுத்து அந்தப் பொத்தானை அழுத்தினாள். புது போர்டு வந்த நாளிலிருந்து தொடாத பொத்தான். நான் மேஜையைச் சுற்றி ஓடி ஹெட்ஃபோனின் மறுபக்கத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டேன். எனக்கு ஏது விரதம்?

"ரகசிய நம்பர யார்கிட்டயும் சொல்லாதீங்கம்மா" என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டிருந்தான் அவன். "என்கிட்டகூட சொல்லக் கூடாது. ஊரெல்லாம் ஏமாத்துக்காரங்க. கார்டு மேல இருக்கற நம்பரும், நீங்க கம்பெனி ஆளுதான்னு தெரிஞ்சுக்க உங்க டோக்கன் நம்பரும் சொன்னா போதும். தாயாரம்மா மேடம் சொல்லிட்டாங்க, அவங்க கார்டு சரியாய்டுச்சு. உங்க பேரையும் அவங்கதான் குடுத்தாங்க."

சுகரா, "இருங்க சார், கார்டு எடுக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அக்கா லைனைக் கட் செய்தாள்.

"தாயாரம்மாவ இட்டுக்கினு வாடி, ஓடு" என்றாள்.

நான் ஓடினேன். பையர் நின்றால் என்ன, பையரின் பாட்டன் நின்றால் என்ன. தாயாரம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். பின்னாலேயே சுகரா பேகமும் சண்டைக்கு வந்தாள். "யாருக்கா லைன கட் பண்ணது? கார்டு பிளாக் ஆயிட்டா என் சம்பளம் இன்னா ஆவறது?"

"அது பேங்கு இல்ல. திருடன்" என்றாள் அக்கா. "தாயாரம்மா, காலைல அவன்கிட்ட இன்னா சொன்ன?"

"நம்பரு சொன்னேன். டோக்கன் சொன்னேன். ரகசிய நம்பரு சொல்லல, அத அவனே வேணாம்னுட்டான்."

"உன் ரகசிய நம்பரு எது?"

தாயாரம்மாள் கழுத்தில் தொங்கிய அட்டையைக் குனிந்து பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என் தாலிய அறுத்துட்டானே பாவி!" போனிலேயே பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுகிற வசதி அப்போதுதான் வந்திருந்தது. அதற்குக் கார்டு நம்பரும் இந்த நாலு எண்ணும் போதும்.

போர்டில் விளக்கு மின்னியது. அவனேதான்.

அக்கா எடுத்தாள். அவளுடைய ஆப்பரேட்டர் குரல் ஒரு மயிரிழைகூட மாறவில்லை. "ஆமா சார், லைன் கட்டாய்டுச்சு. சுகரா பேகம் இதோ வர்றாங்க, லைன்லயே இருங்க." பாட்டுப் போடுகிற பொத்தானை அழுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "இவன் நம்மகிட்ட பேசிக்கினு இருக்கற வரைக்கும் தாயாரம்மா பணத்துல கை வைக்க மாட்டான். கூட வேற ஆளு இருந்தா தெரியாது. சுகரா, நீ பேசு. இழு. கரோலின், அவளுக்குப் பொய் நம்பரு ஏதாவது குடு."

பொய் நம்பருக்கு எங்கே போவேன்? மேஜையில் சேம்பிள் ஷூ டப்பா கிடந்தது. அதன் பக்கவாட்டில் நீளமாக நம்பர் ஒட்டியிருந்தது. எடுத்து சுகரா மடியில் வைத்தேன். அவள் எமகாதகி. முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்துப் போனை எடுத்தாள். "சார், கண்ணாடி இல்ல சார், எழுத்து பொடிப்பொடியா கீது. இது ஆறா, எட்டா? அரே, இருங்க சார், கார்ட திருப்பிப் புடிச்சிக்கினு இருக்கேன்…"

அதற்குள் அக்கா தாயாரம்மாளின் கார்டை வாங்கி, அதன் பின்னால் அச்சடித்திருந்த நம்பரை வேறு லைனில் அடித்தாள். இங்கிலீஷுக்கு ஒன்று அமுக்கு, தமிழுக்கு நாலு அமுக்கு என்று மெஷின் பேசியது. ஒரு பாட்டு ஓடியது. மெஷின் மறுபடியும் அமுக்கச் சொன்னது. பற்றி எரிகிற வீட்டில் கோலம் போடச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு. கடைசியில் ஒரு பெண் வந்தாள். கணக்குக்காரரே பேச வேண்டும் என்றாள். அக்கா போனைத் தாயாரம்மாள் கையில் கொடுத்து அனைவரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேடம், உங்க கார்டு நம்பர், பிறந்த தேதி, அம்மா பேரு சொல்லுங்க" என்றது அந்தப் பெண்.

தாயாரம்மாள் எங்களையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

தாயாரம்மாள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "மாட்டேன். காலைல அவனும் இப்டித்தான் மரியாதையா கேட்டான். இவளும் அவன் கூட்டமா இருந்தா?"

சூடு கண்ட பூனை. அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் எனக்கு வந்த ஆத்திரத்தில், "வாயத் தொறந்து சொல்லும்மா, பணம் போவுது!" என்று கத்திவிட்டேன். கத்தக் கத்த அவள் இன்னும் இறுகிக்கொண்டாள். அந்தப் பக்கம் சுகரா, "ஏழா சார்? நான் ஒண்ணுன்னு நெனச்சேன்" என்று வியர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டிருந்தாள். டப்பாவில் நம்பர் தீரப் போகிறது என்று கண்ணால் காட்டினாள்.

அக்கா தாயாரம்மாளுக்கு எதிரே மண்டி போட்டாள். "இங்க பாரு. அவன் நம்மள கூப்பிட்டான். இத நாம கூப்பிட்டோம், உன் கார்டு மேலயே இருக்கற நம்பரு. அதுதான் வித்தியாசம். நீ சொல்லும்போது நாங்க வெளிய போயிடறோம். நான் கேக்க மாட்டேன்."

"நீ போவாத!" தாயாரம்மாள் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இத்தினி வருஷமா எங்க யார் பேச்சயும் நீ கேட்டதில்லன்னு எனக்குத் தெரியும். இப்ப கேளு. நீ காதுல வச்சிக்கினு இருந்தா நான் சொல்றேன். தப்பா இருந்தா நீ கட் பண்ணிடு."

அக்கா எழுந்து ஸ்பீக்கரை அணைத்தாள். ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டி, தாயாரம்மாளுக்குத் தலையை ஆட்டினாள். தாயாரம்மாள் சொல்லத் தொடங்கினாள். நம்பரைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அக்காவின் முகத்தைப் பார்த்து, அவள் தலையை ஆட்டிய பிறகே அடுத்ததைச் சொன்னாள். செத்துப்போன தன் அம்மாவின் பெயரைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

பிறகு அந்தப் பெண் பேசினாள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"காலைல உன் கணக்குல புதுசா ஒரு ஆளச் சேத்திருக்கான்" என்றாள் மெதுவாக. "பணத்த அனுப்பறதுக்கு. இன்னும் அனுப்பல. இப்ப எல்லாத்தயும் மூடிட்டாங்க. திங்கக்கிழம பாஸ்புக் எடுத்துக்கினு வேலூர் பிராஞ்சுக்குப் போனா பணம் உன் கையில."

தாயாரம்மாள் முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சுகரா பேகம் கையிலிருந்த போனில் அவளுக்குத் தெரிந்த உருது வசவு, தமிழ் வசவு இரண்டையும் கலந்து பாடினாள் பாருங்கள், என் மாமியாரே தோற்றுவிடுவார். "உன் கை வெளங்காது, நீ நல்ல சாவு சாவ மாட்ட" என்று அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் அக்கா போனை வாங்கினாள்.

"நீங்க கேட்ட ஆளு இங்க இல்ல சார்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்த இடத்தில் கம்பெனி அக்காவுக்கு மாலை போட்டிருக்க வேண்டும். கிருஷ்ணராஜ் சார் மெமோ கொடுத்தார். உத்தரவை மீறி ஃப்ளோருக்கு லைன் கொடுத்தது ஒன்று. அனுமதி இல்லாமல் அடுத்தவர் பேச்சைக் கேட்டது இன்னொன்று. டோக்கன் நம்பரைப் போடச் சொன்ன மகராசனுக்கு யார் மெமோ கொடுப்பது? அதை அவர் காதில் விழுகிற மாதிரியே கேட்டேன். அவர் பையரை வழியனுப்பப் போய்விட்டார்.

மெமோகூடப் பரவாயில்லை. சாயங்காலத்துக்குள் சேதி பஸ்ஸெல்லாம் பரவிவிட்டது. போர்டில் ஒரு பொத்தான் இருக்கிறதாம், ஃபீபிக்கு எல்லாம் கேட்குமாம். திங்கட்கிழமை காலையில் வீட்டுக்குப் பேச வந்த பெண்கள், "அப்புறம் பேசறேன், இங்க காது இருக்குது" என்று குசுகுசுத்தார்கள். அவர்கள் பணத்தையும் சேர்த்துக் காப்பாற்றியவளைப் பார்த்து! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா ஒவ்வொரு லைனையும் கொடுத்துவிட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையின் மறு ஓரத்தில் வைத்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் போர்டில் விளக்கு மின்னியது.

"வணக்கம், யார் வேணும்?" என்றாள் அக்கா. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "தாயாரம்மாவா? ஆஸ்பத்திரியிலேர்ந்தா? இரு, உங்க சூப்பர்வைசருக்குக் குடுக்கறேன். இல்ல, சுகராவுக்குக் குடுக்கட்டுமா?" அவள் விரல் பொத்தானைத் தேடிப் போய்விட்டது.

தாயாரம்மாள் போட்ட சத்தம் எதிர் மேஜையில் இருந்த எனக்கே கேட்டது. "யாருக்கும் குடுக்க வேணாம். நீதாண்டி வேணும்! அவரு கண்ணு முழிச்சிட்டாரு. மொதல்ல உனக்குத்தான் சொல்றேன், கேக்குதா?"

அக்கா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். இரண்டு கையாலும் ஹெட்ஃபோனைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்குது" என்றாள். "சொல்லு தாயாரம்மா, சொல்லு."