கம்பிவலையில் ஒரு துளை

இங்கே வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால், வாசலில் வந்து நிற்பவருக்கு முகம் இருக்காது. கொசு நுழையாதபடி சன்னலுக்கும் கதவுக்கும் எஸ்டேட்டில் அடித்துக் கொடுத்த கம்பிவலை அப்படி. மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கும் சாயங்காலங்களில் சாம்பல் நிறத்தில் ஓர் உருவம் மட்டும் நிற்கும். குரல் கேட்டால்தான் ஆள் தெரியும். சங்கரன்கோவில் பக்கம் கதவைத் திறந்துபோட்டே வாழும் உங்களுக்கு இதை எழுதிப் புரியவைக்க முடியுமா, தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு மலையாளத்து மலையிலிருக்கும் இந்தச் சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக்கு வந்தேன். அப்போது வலை கிடையாது. அடுத்த வீட்டு மூக்கம்மாக்கா எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர். புருஷன் இல்லை, ஏழு வயது மகள் பொன்னுத்தாய் மட்டும். நான் வந்த வாரம், மகளுக்குக் குளிருகிறதென்று கம்பளியைப் போர்த்திவிட்டு, என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வேலைக்குப் போயிருந்தார். மலேரியாவுக்கு ரத்தம் எடுக்கும் மலையாளத்துச் சார் வந்தார்.

"இவிடெ பனியுண்டோ?"

நான் வெளியே எட்டிப் பார்த்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"இப்ப இல்ல சார். காலையில இருந்துச்சு, போயிட்டு."

'இல்ல' என்பது மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு அடுத்த லயத்து வீடுகளுக்கு நடந்தார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்று எனக்குத் தெரிந்தபோது பொன்னுத்தாயை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் வலை வந்தது. மற்ற வீடுகளில் நிம்மதி. மூக்கம்மாக்காவின் சன்னலில் மட்டும் தினமும் ஒரு துளை, சின்னக் கை நுழையும் அளவுக்கு. மேஸ்திரி அடைப்பார், மறுநாள் அரிவாளால் அறுத்திருப்பார் அக்கா.

"கொசு வரும்லாக்கா?" என்று கேட்டேன்.

"பொன்னு வந்து தட்டிப் பாத்துட்டுத் திரும்பிப் போறாட்டி. உனக்குக் கேக்கலியா?"

எனக்குக் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் கேட்டது. என் சன்னல் வலையை நகத்தால் பிறாண்டுவதுபோல் மெல்லிய சத்தம், கீழ்ச்சட்டத்தின் அருகே, ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில். வெளியே ஓடினேன். மஞ்சு மட்டும்தான். கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது.

அப்படியே அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றேன். அக்கா உள்ளே இருந்தார். என் முகம் அவருக்குத் தெரியாது என்ற தைரியத்தில், அந்தச் சார் கேட்டதையும் நான் சொன்னதையும் அழுதுகொண்டே ஒப்பித்தேன்.

"நான் இருந்திருந்தாலும் அதத்தாம்ட்டி சொல்லிருப்பேன்" என்றார். பிறகு, "காலையில வந்து அந்த ஓட்டைய அடைச்சிரு. மத்த பிள்ளைக இருக்குல்லா."

நான்தான் அடைத்தேன். அவர் உள்ளிருந்து கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அதன்பின் அறுக்கவில்லை.

சில மாதம் கழித்து அவருடைய அண்ணன் ஊருக்கு அழைத்துப்போக வந்தார். துணிமணி, பாத்திரம் எல்லாம் பெட்டியில் அடங்கிவிட்டன. ஜீப்பில் ஏறி உட்கார்ந்த அக்கா, வண்டி பொன்னுவை அடக்கம் செய்த இடுகாட்டு வளைவை நெருங்கியதும் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டார். அண்ணன் எவ்வளவோ கூப்பிட்டும் ஏறவில்லை.

பெட்டி மட்டும் ஊருக்குப் போயிற்று.