நாத்து நடப் போனவளுக்கு ஒரு பூ ஆர்டர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டு தேசிங்கு படியேறி வந்து கதவோரம் நின்றார். கையில் ஃபோன்.

"யக்கா... ஆன்லைன்ல பூ அனுப்பணும். எப்டின்னு கொஞ்சம் சொல்லிக் குடேன்."

எனக்கு ஆச்சரியம். தேசிங்குக்கும் பூவுக்கும் என்ன சம்பந்தம்? காட்டுப்பள்ளி துறைமுகத்தில் அவர் கிரேன் ஆபரேட்டர். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கன்டெய்னர்களைத் தீப்பெட்டி மாதிரி தூக்கி அடுக்குகிறவர். திருவொற்றியூரில் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணமாகியும் அவ்வளவுதான் ஆகிறது.

"யாருக்குப் பூ?"

"கலைக்குத்தான்."

கலைவாணி அவர் மனைவி. வந்தவாசியிலிருந்து உள்ளே தள்ளி, நெல்லும் வேர்க்கடலையும் விளையும் ஒரு சின்ன ஊர்க்காரி. பத்து நாளாகக் கண்ணில் படவில்லை. அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருந்தேன். போயிருந்தாள்தான். ஆனால் எப்படிப் போனாள் என்பது தேசிங்கு சொல்லித்தான் தெரிந்தது.

மணலி புதுநகரில் ஒரு நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். கூட வேலை செய்கிற ஐந்து பேரும் குடும்பத்தோடு வந்திருக்கிறார்கள். வெளிநாட்டுத் துறைமுக வேலை பற்றிப் பேச்சு வந்தது. "ஒப்பந்தத்தை ஒரு தடவை நல்லாப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று கலைவாணி சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு நம் ஆள்...

"ஒனுக்கு இன்னா தெரியும்? நீ போய் நாத்து நடுன்னு சொல்லிட்டேன் யக்கா. சும்மா தமாசுக்கு. அல்லாரும் சிரிச்சிட்டானுங்க."

கலைவாணி சிரிக்கவில்லை. மறுநாள் அவர் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. ஃபோனில் ஒரே ஒரு மெசேஜ்.

'நாத்து நடப் போறேன்.'

அதன்பின் அவர் அழைத்தால் எடுப்பதில்லை.

"நேர்ல போக வேண்டியதுதானே?"

"போனேன். மாமியார் காபி குட்தாங்க. மச்சான் கிரிக்கெட் பத்திப் பேசினான். அவ மட்டும் கழனிய வுட்டு வரவேயில்ல. கடைசி பஸ் புடிச்சி வந்துட்டேன்."

அடுத்த முறை போனால் அவள் வேறு கழனிக்குப் போய்விடுவாளோ என்று அவருக்குப் பயம். இந்த நிலைமையில்தான் ஃபோனில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார். 'இந்தியாவின் எந்த மூலைக்கும் பூங்கொத்து!'

எந்த மூலைக்கும் என்றால் அந்த மூலைக்குமா? எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. சிவப்பு ரோஜா பன்னிரண்டு, ஒரு வாழ்த்து அட்டை. முகவரியை ஏற்றுக்கொண்டார்கள். திங்கட்கிழமை டெலிவரி. கொடுத்தது என் நம்பர்.

திங்கட்கிழமை மதியம் ஃபோன் வந்தது.

"மேடம், லேண்ட்மார்க் சொல்லுங்க."

தேசிங்கு மாமியார் வீட்டில் விசாரித்துச் சொன்னதை அப்படியே சொன்னேன். "ஏரிக்கரையோட வந்தா மதகு வரும். அங்கேர்ந்து இடது பக்கம்."

"மதகுன்னா என்ன கடை மேடம்?"

நான் விளக்கினேன். அவர் கேட்டார். சாயங்காலம் மெசேஜ் வந்தது. 'முகவரி கண்டறியப்படவில்லை. ஆர்டர் ரத்து.'

தேசிங்கு சோர்ந்துபோனார். எனக்கோ ஆர்வம் கூடிவிட்டது. அந்த ஊரில் பூவே இல்லையா என்ன? வெள்ளிக்கிழமை வராதா? கல்யாணம் நடக்காதா? பூ யார் கொண்டுவருகிறார்கள்?

ஊர்ப் பால் சொசைட்டி நம்பரைத் தேசிங்கு தேடிக் கொடுத்தார். நான் பேசினேன். எடுத்தவர் யோசிக்கவே இல்லை. "பூன்னா பச்சையம்மாதான். நம்பர் எழுதிக்கோங்க."

பச்சையம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும் என்று குரல் சொன்னது. விடியற்காலையில் வந்தவாசிக்குப் போய்ப் பூ எடுத்து, மொபெட்டில் ஆறு ஊர் சுற்றி விற்கிறாராம். ஃபோனில் ஆர்டர் எடுப்பாரா? எடுப்பார். ஆனால் முதல் கேள்வியிலேயே நான் மாட்டிக்கொண்டேன்.

"தலைக்கா, சாமிக்கா, சாவுக்கா?"

"அது வந்து... மன்னிப்புக்கு."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "இருவது வருசமா பூ விக்கிறேன். இது நாலாவதால்ல இருக்குது!"

விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள், "கலைவாணியா? அவ மொகத்த வெச்சே நெனச்சேன்" என்றார். ரோஜாப் பூங்கொத்து பற்றியும் சொன்னேன்.

"அந்தத் தாள்ல சுத்தித் தருவாங்களே அதா? அத வாங்கி அவ எங்க வெப்பா? மாட்டுக்குத்தான் போடணும்."

அப்புறம் வரிசையாகக் கேள்விகள். என்ன சொன்னார்? எங்கே சொன்னார்? பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஒரு வக்கீல்கூட இவ்வளவு கேட்டிருக்க மாட்டார். கடைசியில் தீர்ப்பு.

"நாலு பேரு எதிர்ல பேசிட்டு, பூவ மட்டும் ஊட்டுக்குள்ள குடுத்தா ஆவுமா? கழனியில வெச்சித்தான் குடுக்கணும். அவளுக்கு மட்டும் குடுத்தா வாங்க மாட்டா. நடவு நடற பன்னெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு மொழம். மல்லி வேணாம், வெயில்ல வதங்கிடும். கனகாம்பரம் தாங்கும். அவர ஃபோன்ல நிக்கச் சொல்லுங்க. அட்டைல எழுதறதெல்லாம் வேணாம், வாயால சொல்லட்டும்."

பூ வாங்கப் போனால் நியாயமும் சேர்ந்து வருகிறது! தேசிங்கிடம் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது.

"அத்தினி பேர் எதிர்லயா? இன்னாக்கா பேஜாரு இது..."

ஆனால் மறுக்கவில்லை.

வியாழக்கிழமை அவருக்கு வார விடுமுறை. காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தார். குளித்து, தேய்த்த சட்டை போட்டிருந்தார். ஃபோனில் பேச எதற்குத் தேய்த்த சட்டை? கேட்கவில்லை. காபியைத் தொடாமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாடி உயரத்திலிருந்து தினமும் கீழே பார்க்கிற மனிதருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன். காற்று, தண்ணீர்ச் சலசலப்பு, பெண்களின் பேச்சு. நடுவில் பச்சையம்மாவின் குரல்.

"ஏ கலை! மெட்ராஸ்லேர்ந்து பூ வந்துருக்குது!"

"கையில நாத்து இருக்குதுக்கா. வரப்புல வெச்சிட்டுப் போ." இது கலைவாணி.

"வெச்சிட்டுப் போறதா? ஆளு லைன்ல நிக்கிறாரு. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன். பேசுங்க தம்பி."

பேச்செல்லாம் நின்றது. தேசிங்கு ஃபோன் பக்கம் குனிந்தார்.

"கலை... நாந்தான். அன்னிக்கு நா சொன்னது தப்பு."

தூரத்திலிருந்து ஒரு பெரியம்மாவின் குரல் மட்டும் வந்தது. "இந்தக் கோடிக்குக் கேக்கலப்பா! சத்தமா சொல்லு!"

தேசிங்கு எழுந்து நின்றுவிட்டார்.

"நா சொன்னது தப்பு! ஒனுக்கு இன்னா தெரியும்னு கேட்டேன்ல... நீ சொன்னதுதான் கரீட்டு! எனுக்குத்தான் ஒண்ணும் தெரில! மன்ச்சிக்கோ கலை!"

வந்தவாசிக் கழனியின் கடைசிக் கோடி வரை கேட்டிருக்கும். எங்கள் தெரு முழுக்க நிச்சயம் கேட்டது. எதிர்வீட்டு மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்த அம்மா அப்படியே நிமிர்ந்து பார்த்தார்.

அந்தப் பக்கம் பன்னிரண்டு பேரும் சிரித்தார்களா, அழுதார்களா? தெரியவில்லை. கலைவாணியின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "ஃபோன வெக்கச் சொல்லுக்கா. வெயில் ஏர்றதுக்குள்ள இந்தக் கழனி முடிக்கணும்."

அழைப்பு முடிந்தது.

"கட் பண்ட்டாளே யக்கா..." தேசிங்கு அப்படியே சோபாவில் உட்கார்ந்தார். ஆறிய காபியைச் சூடு பண்ணிக் கொடுத்தேன்.

மதியம் பச்சையம்மாவே கூப்பிட்டார். "எல்லாரும் பூவ வெச்சிக்கினாங்க. அவ வெக்கல."

"அய்யோ..."

"என்னா அய்யோ? தூக்குவாளியில போட்டு, தண்ணி தெளிச்சி மூடி வெச்சிருக்கா. கோவம்னா வரப்புலியே கெடந்திருக்கும். சேத்துக் கையோட எவளாவது பூ வெப்பாளா? ஊட்டுக்குப் போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு வெப்பா. அவருகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

நடவு முடிந்து ஒன்பதாம் நாள் கலைவாணி வந்துவிட்டாள். வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தாள். மறுநாள் வேர்க்கடலைப் பையோடு மேலே வந்தாள்.

"பூ எப்படி இருந்துச்சு கலை?"

"பூ சுமார்தான்க்கா. அவரு கத்தினாரு பாருங்க, அது நல்லா இருந்துச்சு." சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்தினாள். "ஆனா ஒண்ணு. அவரு என்னை அசிங்கப்படுத்தினது நடவு நடறவங்க எதிர்லயா? அவங்களுக்கு அன்னி வரிக்கும் இந்தக் கதையே தெரியாது. சிரிச்சவங்க மணலியில இல்ல இருக்காங்க? அட்ரஸ் மாத்தி அனுப்பிட்டீங்களேக்கா!"

நான், தேசிங்கு, பச்சையம்மா – மூன்று பேர் சேர்ந்து அவ்வளவு யோசித்தோமே... எங்களுக்கு இது தோன்றவே இல்லை!

போன ஞாயிறு தேசிங்கு வீட்டில் பிரியாணி. அதே ஐந்து நண்பர்கள், குடும்பத்தோடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இலை போட்ட பிறகு தேசிங்கு எழுந்தார். இந்த முறை கத்தவில்லை.

"மச்சான்ங்களா, அன்னிக்கு நா கலையப் பத்தி ஒண்ணு சொன்னேன். நீங்களும் சிரிச்சீங்க. அது தப்பு. அவ்ளோதான்."

ஒரு நண்பர் மெதுவாக, "நானும் சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார். கலைவாணி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அவர் இலையில் முதல் கரண்டி பிரியாணியை வைத்தாள்.

சாப்பிட்டு மாடியேறி வரும்போது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. தீபாவளி சமயத்தில் பத்திரிகையின் இதே பக்கத்தில் என் நாத்தனார் சாந்தியின் சாம்பாரைக் கிண்டல் செய்து எழுதியிருந்தேன். நீங்களும் ரசித்துச் சிரித்ததாகக் கடிதம் போட்டீர்கள். அவள் பேசாமல் இருந்தாள். நான் அப்புறம் ஃபோனில், ரகசியமாக, ஒரு 'சாரி' சொன்னேன். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாந்தி, அன்றைக்கு நான் இங்கே எழுதியது தப்பு... சாம்பார் நன்றாகத்தான் இருந்தது.