கால் மணி நேர இத்தாலி

போன வருடம், ஒரு சனிக்கிழமை காலை, அல்சூர் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நடந்தது இது. அலுவலக வேலையாக நான் இத்தாலிக்குக் கிளம்ப இன்னும் பத்து நாள்தான் இருந்தது. ஒரு மாதமாக, வைட்ஃபீல்ட் அலுவலகத்துக்குப் போகும் வழியெல்லாம், பயணிகளுக்கான இத்தாலிய மொழி வாக்கியங்களை நோட்டில் எழுதி உருப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் காபி கேட்பதுகூட இத்தாலியனில்தான். என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

அன்று வாசலில் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்கார அம்மாள் ஒருவர், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது இத்தாலிய மொழி. விடுவேனா? எங்கள் பெங்களூர்க்காரர்களுக்கு இது ஒரு வியாதி. எதிரில் இருப்பவர் கன்னடமோ தெலுங்கோ உருதுவோ, அவர் பாஷைக்கு நாமே முதலில் தாவிவிடுவோம். "போஸ்ஸோ அயுத்தார்லா?" என்றேன். உதவட்டுமா என்று அர்த்தம்.

அவ்வளவுதான், என் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தார். எனக்கு ஓர் எழுத்தும் புரியவில்லை. நோட்டைப் புரட்டினால் கழிப்பறை எங்கே, பில் கொடுங்கள், ஜன்னலோர இருக்கை கிடைக்குமா. எல்லாம் நான் கேட்பதற்குத்தான். "மெதுவாக" என்பதைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். மெதுவாகச் சொன்னார். அதுவும் புரியவில்லை. அந்த நோட்டின் மேல், அந்த அம்மாளின் மேல்கூட, எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் விட மனசு வரவில்லை, ஒரு மாத உழைப்பாயிற்றே. இப்படியே கால் மணி நேரம் போனது.

பக்கத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா பொறுமை இழந்தார்.

"ஏம்மா, அதுகிட்ட இங்கிலீஷ்ல கேட்டியா நீ? அது அழுவுது, நீ புக்க பாத்துக்கினு நிக்கிற" என்று என்னை ஒதுக்கிவிட்டு, "மேடம், வாட் ஹேப்பன்?" என்றார்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டத்தில் இவர் இறங்கிவிட்டார், கணவர் இறங்குவதற்குள் ரயில் கதவு மூடிவிட்டது. கணவருக்குச் சர்க்கரை வியாதி. காலையில் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர் இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை. அவருடைய பிஸ்கட், போன் எல்லாம் இவர் பையில். நான் இத்தாலியனில் ஆரம்பித்ததால், பதற்றத்தில் தாய்மொழியே வந்துவிட்டதாம்.

எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஸ்டேஷன் அலுவலகத்துக்கு ஓடினோம். அவர்கள் போன் மேல் போன் போட்டதில், நான்கு ஸ்டேஷன் தள்ளி ஒரு பெரியவர் தலைசுற்றி உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டை முழுக்க வியர்வை, பேச்சு குழறியது. அங்கிருந்தவர்கள் பாவம், தண்ணீர் கொடுத்திருந்தார்கள். என்ன வியாதி என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மனைவி நீட்டிய பிஸ்கட் பாக்கெட்டை அவரால் பிரிக்க முடியவில்லை. நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்து இத்தாலியனில் நன்றி சொன்னார். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாத அந்தப் பெரியவரின் விரல்களை நினைக்கும்போதெல்லாம், என் பெருமைக்காக ஒரு மனிதர் கால் மணி நேரம் கூடுதலாகத் தவித்தார் என்ற கூச்சம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.